உபகாரச் சம்பளம் இல்லாத ஓய்வு

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுவது என்பது நம் தேசத்தில் ஒரு சிறிய கல்யாணம் மாதிரி. மாலை உண்டு, சால்வை உண்டு, பிரசங்கம் உண்டு, போட்டோ உண்டு. சில ஆபீஸ்களில் சுவர்க் கடிகாரம்கூடக் கொடுக்கிறார்கள். இனிமேல் மணி பார்த்து எங்கேயும் ஓட வேண்டியதில்லை என்று ஆன பிறகு ஒரு மனிதருக்குக் கடிகாரத்தைக் கொடுப்பானேன் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு. அது போகட்டும். இப்போது சென்னைப் பட்டணத்தில் வீட்டுக்கு வீடு இன்னொரு ஓய்வு நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு மாலையும் இல்லை, பிரசங்கமும் இல்லை, உபகாரச் சம்பளமும் இல்லை. ஓய்வு பெற்றவருக்கே அந்தச் சமாசாரம் ஆறு மாதம் கழித்துத்தான் தெரிய வருகிறது.

விஷயத்தை விவரமாகச் சொல்கிறேன். ஆபீஸிலிருந்து விலகி வந்த ஒரு கிரகஸ்தருக்கு மறுநாளே வீட்டில் வேறொரு உத்தியோகம் காத்திருப்பது வழக்கம். மின்சாரக் கட்டணம் கட்டுவது அவருடைய இலாகா. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறவர் வந்து வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போவார். அந்த அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கையில் குடையுடன் நம் கிரகஸ்தர் கிளம்பிவிடுவார். பாங்கியில் பாஸ் புத்தகத்தைப் பதிந்து வாங்குவது, ரேஷன் கடையில் பருப்பு வந்துவிட்டதா என்று விசாரிப்பது, காஸ் சிலிண்டருக்குச் சொல்லி வைப்பது, தபாலாபீஸுக்குப் போய் மாதாந்திர வட்டி வாங்குவது எல்லாம் அவர் நிர்வாகத்தைச் சேர்ந்தவை. எல்லாவற்றுக்கும் சிகரமானது ரயில் டிக்கெட் ரிஸர்வ் செய்யும் இலாகா. அது மந்திரி பதவிக்குச் சமானம். விடியற்காலையில் போய் வரிசையில் நின்று, படிவத்தைப் பூர்த்தி செய்து, நாலு படுக்கையில் இரண்டு கீழ்ப் படுக்கையாகச் சம்பாதித்துக்கொண்டு வீடு திரும்பும் கிழவரின் நடையில் ஒரு சேனாதிபதியின் கம்பீரம் இருக்கும். அன்றைக்குக் காப்பி கேட்காமலே வரும்.

இந்த இலாகாக்கள் ஒவ்வொன்றாகக் கை நழுவிப் போயின. ரயில்வேக்காரர்கள் 2002-ல் இணையத்தின் மூலம் டிக்கெட் விற்க ஆரம்பித்தார்கள். 2016-ல் யு.பி.ஐ. என்ற முறை வந்து, டெலிபோனிலிருந்தே பணம் கொடுக்கலாம் என்று ஆயிற்று. அதே வருஷம் நவம்பர் மாதத்தில் பழைய 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமற் போகவே, ஜனங்கள் அந்த முறையைக் கற்றுக்கொள்ள அவசரப்பட்டார்கள். பிறகு 2020-ல் கொரோனா வந்தது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வீட்டோடு இருப்பது நலம் என்று சர்க்கார் அறிவித்தார்கள். "அப்பா, நீங்கள் வெளியே போக வேண்டாம். எல்லாவற்றையும் நான் போனிலேயே கட்டிவிடுகிறேன்" என்று பிள்ளைகள் சொன்னார்கள். உண்மையான அன்பினால்தான் சொன்னார்கள். வியாதி போய்விட்டது. இலாகாக்கள் திரும்பி வரவில்லை.

இதில் என்ன நஷ்டம் என்று இளைஞர்கள் கேட்பார்கள். ஒரு மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டிய வேலை அரை நிமிஷத்தில் முடிந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்பார்கள். அவர்கள் கணக்கு அவர்களுக்குச் சரிதான். ஆபீஸுக்குப் போகிறவனுக்கு ஒரு மணி நேரம் மிச்சமானால் அது லாபம். கிழவருக்கு மிச்சமாகும் அந்த ஒரு மணி நேரத்தை அவர் எந்தப் பாங்கியில் கொண்டுபோய்ப் போடுவது? அவரிடம் ஏற்கனவே இருபத்து நாலு மணி நேரம் இருப்பு இருக்கிறது!

மேலும், மின்சாரக் கட்டணம் கட்டப் போனவர் மின்சாரக் கட்டணம் மட்டுமா கட்டினார்? போக அரை மைல், வர அரை மைல் நடந்தார். வரிசையில் முன்னால் நின்றவருடன் மந்திரி சபையைப் பற்றி விவாதித்தார். பின்னால் நின்றவரிடம் முழங்கால் வைத்தியர் விலாசம் வாங்கினார். வழியில் ஒரு நண்பருக்குக் கண் ஆபரேஷன் ஆன சமாசாரம் தெரிந்துகொண்டார். வீடு திரும்பிச் சாப்பாட்டு வேளையில் சொல்வதற்கு அவரிடம் நாலு செய்தி இருந்தது. டாக்டர்கள் இப்போது அவரைத் தினம் முப்பது நிமிஷம் நடக்கச் சொல்கிறார்கள். லஸ் அருகிலுள்ள நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை வேளையில் பார்த்தால், அந்தக் கட்டளையை நிறைவேற்றுகிறவர்கள் பிரதட்சிணம் வந்துகொண்டிருப்பார்கள். நல்ல காரியந்தான். ஆனால் நடப்பதற்காக நடப்பது மருந்து சாப்பிடுவது மாதிரி. காரியமாக நடப்பது விருந்து சாப்பிடுவது மாதிரி. மருந்தை ஒரு நாள் விட்டால் யாரும் கேட்பதில்லை. மின்சாரக் கட்டணத்தை ஒரு நாள் விட்டால் வீடே இருட்டாகும் என்ற பயம் இருந்ததே, அந்தப் பயந்தான் கிழவரை நாற்காலியிலிருந்து எழுப்பியது.

நவம்பர் மாதத்து வேடிக்கையை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. மத்திய சர்க்காரிடம் பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷந்தோறும் நவம்பரில் தாங்கள் உயிருடன் இருப்பதாக ருசுப்படுத்த வேண்டும். எண்பது வயதானவர்களுக்கு அக்டோபரிலிருந்தே அவகாசம் உண்டு. முன்னெல்லாம் இதற்காகப் பாங்கிக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போடுவார்கள். 2014-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் 'ஜீவன் பிரமாண்' என்ற திட்டம் ஏற்பட்டு, விரல் ரேகையை யந்திரத்தில் வைத்தால் போதும் என்று ஆயிற்று. வயதாக ஆக விரல் ரேகை தேய்ந்துபோகும் என்ற சமாசாரத்தை யந்திரத்துக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு பாங்கியில், பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் கை வழுவழுப்பான ஒரு பாட்டியை யந்திரம் நாலு தடவை நிராகரித்ததை என் கண்ணால் பார்த்தேன். அந்த அம்மாள் கட்டை விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "எனக்கே சந்தேகமாக இருக்கிறது, அப்பா! நான் இருக்கிறேனா, இல்லையா என்று நீயே பார்த்துச் சொல்லு" என்று குமாஸ்தாவிடம் சொன்னாள். பிறகு 2021 நவம்பரில் முகத்தைப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்ளும் முறையைக் கொண்டுவந்தார்கள். இப்போது வீட்டில் உட்கார்ந்தபடியே டெலிபோனுக்கு எதிரில் கண்ணை இமைத்தால், உயிருடன் இருக்கிறோம் என்பதைச் சர்க்கார் ஒப்புக்கொள்கிறார்கள்.

படுக்கையாய்க் கிடக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்பதில் சந்தேகமே இல்லை. அவர்களை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு பாங்கிக்கு வந்த காலத்தை நினைத்தாலே மனம் கசிகிறது. ஆனால் நடக்கக் கூடியவர்களுக்கு அந்த நவம்பர் மாத வரிசை ஒரு வருஷாந்தர மகாநாடாக இருந்தது. ஒரே ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர்கள் அங்கேதான் சந்திப்பார்கள். "சென்ற வருஷம் இந்தத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரே, அவர் எங்கே?" என்று ஒருவர் கேட்பார். சற்று நேரம் யாரும் பேசமாட்டார்கள். அப்புறம் யாராவது ஒருவர், "ஜூலையில்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்வார். பாங்கியின் பேரேட்டைத் தவிர, அந்த மனிதருக்காக நண்பர்களின் மனத்திலும் ஒரு பேரேடு இருந்தது. முகத்தைப் பார்க்கும் யந்திரத்திடம் இந்த இரண்டாவது பேரேடு இல்லை.

நிற்க. இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. கிழவர்கள் வெளியே போவதற்குக் காரணம் இல்லாமற் போய்க்கொண்டிருக்கும் இதே காலத்திலேதான், அவர்கள் வெளியே போவதற்கு வாகனங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன.

சென்னையின் பழைய வாகனங்களை எல்லாம் திடகாத்திரர்களுக்கென்றே செய்தார்களோ என்று தோன்றும். டிராம் வண்டி 1895-ல் வந்து 1953-ல் போய்விட்டது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-ல் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. அதைப் பிடிக்க வேண்டுமானால் மேம்பாலப் படி ஏறி இறங்க வேண்டும். 1995-ல் சேப்பாக்கம் வரையில் வந்து, 2007-ல் வேளச்சேரியை எட்டிய பறக்கும் ரயிலின் ஸ்டேஷன்களோ, பிரம்மாண்டமான கோட்டைகள். அந்தப் படிகளில் ஏறின பிறகுதான் பலருக்கு முழங்கால்கள் இரண்டு என்ற ஞானோதயம் உண்டாயிற்று. பஸ்ஸின் முதற் படியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெரியவர் ஒரு காலைத் தூக்கி வைத்து, மற்றக் கால் தரையை விட்டு எழும்புவதற்குள் விசில் ஊதிவிடும்.

2015-ம் வருஷம் ஜூன் 29-ந் தேதி கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு மெட்ரோ ரயில் ஓடிற்று. 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விமான நிலையம் வரையில் ஒரே மூச்சாகப் போகலாம் என்று ஆயிற்று. இந்த ரயிலைப் பற்றி எஞ்சினியர்கள் என்னென்னவோ புகழ்கிறார்கள். நான் புகழ்வது அதன் லிப்டைத்தான். நடைமேடையும் வண்டியின் தரையும் ஒரே மட்டமாக இருப்பதைத்தான். ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு, யாருடைய கையையும் பிடிக்காமல், ஒரு மனிதர் தெருவிலிருந்து பாதாளத்துக்கு இறங்கி வண்டிக்குள் நடந்து போகலாம் என்பது இந்தப் பட்டணத்துக்குப் புதிய அநுபவம். 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பஸ்களும் வந்தன. நிறுத்தத்தில் நின்றதும் நடைபாதைப் பக்கம் சற்றே தாழ்ந்து கொடுக்கும் அந்த வண்டியைப் பார்த்தால், பெரியவர்களைக் கண்டு தலை வணங்கும் பழைய காலத்துப் பிள்ளைகள் ஞாபகம் வருகிறது. அதற்கு முன்பே 2016-ல், அறுபது வயதான சென்னைவாசிகளுக்கு மாதம் 10 தடவை பஸ்ஸில் இனாமாகப் போகும் டோக்கன்கள் ஏற்பட்டன.

வண்டி இருக்கிறது, ஆனால் வாசற்படிக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே உள்ள நடைபாதை இருக்கிறதே, அதைப் பற்றி எழுதினால் இந்தப் பகுதி போதாது. மின்சாரப் பெட்டி, மோட்டார் சைக்கிள், டீக்கடை பெஞ்சு, பிள்ளையார், கல் பெயர்ந்த பள்ளம் இவற்றுக்கெல்லாம் அதிலே இடம் உண்டு. நடக்கிறவனுக்கு மட்டும் இல்லை. 2019 நவம்பரில் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை போட்டு, உட்கார ஆசனங்களும் வைத்தார்கள். அங்கே சாயங்கால வேளையில் எத்தனை கிழவர்களும் கிழவிகளும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். அவ்வளவு பேரும் அதற்கு முன்னால் எங்கே இருந்தார்கள்? வீட்டில் இருந்தார்கள். 2011 ஜனத்தொகைக் கணக்கின்படியே தமிழ் நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதானவர்கள். தெருவில் நூறு பேரை எண்ணினால் பத்துக் கிழவர்கள் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

பாட்டிமார்கள் விஷயம் வேறு. தாத்தாவின் இலாகாக்கள் போயின. பாட்டியின் சமையலறை இலாகாவை யாரும் பறிக்கவில்லை. பறிப்பதற்கு யாரும் முன்வரவில்லை என்பதே உண்மை. ஆனால் 2021-ம் வருஷம் மே மாதம் 8-ந் தேதி முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் ஸ்திரீகளுக்கு டிக்கெட் இல்லை என்று ஆயிற்று. இதனால் மாதம் எவ்வளவு ரூபாய் மிச்சம் என்று நிபுணர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கணக்கில் வராத மிச்சம் ஒன்று உண்டு. அறுபது வருஷமாகப் பஸ்ஸுக்குச் சில்லறை கேட்ட போதெல்லாம், "எங்கே போகிறாய்? எதற்காக? இப்போதே போக வேண்டுமா?" என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சில்லறை கேட்க வேண்டியதில்லை என்று ஆனதும் கேள்விகளும் நின்றன. மயிலாப்பூரில் பஸ் ஏறித் திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலுக்குப் போய்விட்டு, அங்கிருந்தே தங்கையையும் பார்த்துவிட்டு வருகிற பாட்டிமார்களை நான் அறிவேன். "நீங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் போய்விட்டு வருகிறேன்" என்று மனைவி சொல்ல, கணவர் திண்ணையில் உட்கார்ந்து வழி பார்த்திருக்கும் காட்சியை எந்த நாடகாசிரியரும் இன்னும் மேடை ஏற்றவில்லை.

வெளியூர்ப் பிரயாணந்தான் துர்லபமாகிவிட்டது. ரயிலில் அறுபது வயதான புருஷர்களுக்கு நூற்றுக்கு 40-ம், 58 வயதான ஸ்திரீகளுக்கு நூற்றுக்கு 50-ம் கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச் 20-ந் தேதி கொரோனாவை முன்னிட்டு அதை நிறுத்தினார்கள். 2025 முடியும் வரையில் அது திரும்பி வரவில்லை. எல்லாப் பிரயாணிகளுக்குமே செலவில் ஒரு பகுதியை ரயில்வே தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது என்பது டில்லியின் பதில். இருக்கலாம். பேரன் பூணூலுக்கோ, பேத்தி காதுகுத்துக்கோ மதுரை வரையில் போய் வர நினைக்கிற தம்பதிகளுக்கு அந்தப் பதிலைக் காட்டினால் டிக்கெட் கொடுப்பார்களா? கீழ்ப் படுக்கைச் சலுகை மட்டும் இருக்கிறது. அறுபது வயதான ஆண்களுக்கும் நாற்பத்தைந்து வயதான பெண்களுக்கும் இடம் இருந்தால் கம்ப்யூட்டர் தானாகவே கீழ்ப் படுக்கை ஒதுக்கும். நாற்பத்தைந்து வயது ஸ்திரீயை மூத்தோர் ஜாபிதாவில் சேர்க்கும் தைரியம் இந்தத் தேசத்தில் அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுக்குத்தான் உண்டு.

டிக்கெட்டை ரிஸர்வ் செய்கிறவன் மகன். ஆகவே செய்தியும் மகனுடைய டெலிபோனுக்குத்தான் வருகிறது. எந்த வண்டி, எந்தப் பெட்டி, வண்டி எத்தனை மணி தாமதம் என்பதெல்லாம் ஆபீஸிலிருக்கும் அவனுக்குத் தெரியும். ஸ்டேஷனில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கும் தகப்பனாருக்குத் தெரியாது. திடீரென்று மனம் மாறி இரண்டு நாள் தங்கி வரலாம் என்றாலும் மகனுக்கு விண்ணப்பம் போட வேண்டும். ஒரு காலத்தில் மகனுடைய காலேஜ் சம்பளத்தை இவர் கட்டினார். இப்போது இவருடைய பிரயாணத்துக்கு அவன் அநுமதி வழங்குகிறான். அவன் தங்கமான பிள்ளைதான். கஷ்டம் அதில் இல்லை.

"டெலிபோனை நீங்களே கற்றுக்கொள்ளலாமே?" என்பார்கள். கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்து அடுக்கு வீட்டில் எழுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர், நாலு வீட்டு மின்சாரக் கட்டணத்தைத் தம் டெலிபோனிலேயே கட்டிக் கொடுத்து, இழந்த ராஜ்யத்தைப் போல் நாலு மடங்கு ராஜ்யத்தை மீட்டிருக்கிறார். ஆனால் சாதாரணமாக வீடுகளில் நடக்கும் பாடம் எப்படி? தாத்தா கேட்கிறார். "கொடுங்கள், தாத்தா!" என்று பேரன் டெலிபோனைப் பிடுங்கிக்கொள்கிறான். மூன்று தட்டுத் தட்டுகிறான். "அவ்வளவுதான்!" என்று திருப்பிக் கொடுக்கிறான். சதுரங்கம் கற்றுக் கொடுக்கிறேன் என்று சொல்லி எதிராளியின் காயையும் தானே நகர்த்தி, ஆட்டம் முடிந்தது என்று எழுந்து போவதைப் போன்றது இது. விரல் தாத்தாவுடையதாக இருக்க வேண்டும். பேரனுடைய கை முதுகுக்குப் பின்னால் கட்டப்பட்டிருக்க வேண்டும். நாலு நாளில் வந்துவிடும்.

பயமும் ஒரு காரணம். போலீஸ் அதிகாரி பேசுகிறேன், உன்னை டெலிபோன் மூலமே கைது செய்திருக்கிறேன் என்று மிரட்டி, ஆயுட்காலச் சேமிப்பைப் பறிக்கும் கூட்டத்தார் பெரும்பாலும் வயதானவர்களையே நாடுகிறார்கள். டெலிபோனில் கைது செய்யும் சட்டம் எதுவும் இந்தியாவில் கிடையாது. அப்படி யாராவது பேசினால் வைத்துவிட்டு, 1930 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். இந்த எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வைப்பது நல்லது.

யந்திரத்தையும் மனிதனையும் சேர்த்து வைத்த இடம் ஒன்று உண்டு. அதை நம் ரயில்வேக்காரர்களே செய்திருக்கிறார்கள். புறநகர் ரயில் ஸ்டேஷன்களில் டிக்கெட் கொடுக்கும் யந்திரங்களை நிறுத்தினார்கள். ஜன்னலுக்குப் பின்னால் மனிதர் வேண்டியதில்லை என்பது யோசனை. ஆனால் யந்திரத்தின் முன் நின்ற ஜனங்கள் எதை அழுத்துவது என்று தெரியாமல் விழித்தார்கள். ஆகவே யந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மனிதரை நிறுத்தினார்கள். யார் அந்த மனிதர்? ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பழைய சிப்பந்தி! விற்கிற டிக்கெட்டுக்கு அவருக்குக் கமிஷன் உண்டு. மூக்குக் கண்ணாடியும் நரைத்த தலையுமாக அவர் நின்றுகொண்டு, ஊர்ப் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் டிக்கெட்டை நீட்டுகிறார். எந்த நடைமேடை, அடுத்த வண்டி எப்போது என்பதும் அவரிடம் கிடைக்கும். யந்திரம் வந்ததால் இலாகா திரும்பக் கிடைத்த கிழவர் இவர் ஒருவரே. பாங்கிகளிலும் மின்சார ஆபீஸ்களிலும் இதைச் செய்தால் என்ன?

2025 ஆகஸ்டில், எழுபது வயதானவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் ரேஷன் சாமான்களை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் 'தாயுமானவர்' திட்டத்தைத் தமிழ் நாட்டுச் சர்க்கார் தொடங்கினார்கள். நடக்க முடியாதவர்களுக்கு அது தாயேதான். நடக்கக் கூடியவர்களைப் பற்றி யோசிக்க வேண்டியது சர்க்கார் அல்ல, வீட்டிலுள்ளவர்கள்.

எங்கள் எதிர் வீட்டு மருமகள் ஒருத்தி கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். காய்கறி கால் மணி நேரத்தில் வாசலுக்கு வந்துவிடும் வசதி அவளுடைய டெலிபோனில் இருக்கிறது. ஆயினும் தினம் காலையில் மாமனாரிடம் பையைக் கொடுத்து, மாட வீதிக்குக் கீரை வாங்க அனுப்புகிறாள். ஒரு நாள் என் மனைவி அவளிடம் விசாரித்தாள். "அவர் வாங்கிவருவது பாதி நாள் முற்றின கீரைதான், மாமி. கீரைக்காரம்மாவோடு பேசிக்கொண்டே பார்க்காமல் வாங்கிவிடுகிறார்" என்று அவள் சிரித்தாள். "இலையைக் கிள்ளி மசித்துவிட்டு, தண்டைச் சாம்பாரில் போட்டுவிடுகிறேன். நாளைக்கு முளைக்கீரை கேட்டிருக்கிறேன்."